ஆமைக்கு வீடு

இராயபுரத்தில், கல்மண்டபத்திற்கு அருகே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடையில் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, ஆமைக்கு வீடு கட்டுகிறோம். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். தமிழ் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய ஆலோசனையா இது என்று நாம் சிரித்தோம். அவர் விடவில்லை. வகுப்பில் அகநானூறு நடத்தியபோது ஆமை முட்டையிடும் பாட்டு ஒன்றை அரைமணி நேரம் விளக்கியது நாம்தான் என்று நினைவூட்டினார். போனோம்.

கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு மரவேலை செய்யும் தச்சர் ஒருவர், தண்ணீரில் ஊறாத ஒட்டுப்பலகையில் 5 அடி நீளமும் 2½ அடி அகலமுமாய் ஒரு பெட்டியை இழைத்துக்கொண்டிருந்தார். குடியிருக்கப் போகிறவர் பக்கத்தில் ஒரு மீன்தொட்டிக்குள் இருந்தார். உள்ளங்கை அளவு. கறுத்த ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விண்மீன் கதிர்போல விரிந்திருந்தன. கண்ணாடியின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகத்தால் பிறாண்டியபடி நடப்பதும், திரும்புவதும், மறுபடி நடப்பதுமாய் இருந்தது. "நாள் முழுக்க இப்படித்தான் ஐயா. சின்ன இடம் என்பதால்தான் பெரிதாகக் கட்டுகிறோம்" என்றார் மாணவர். புதுமனை புகுவிழாவிற்கு மாமா ஒருவர் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கொடுத்த பரிசாம் அது.

ஆமை புகுந்த வீட்டையும் அமீனா புகுந்த வீட்டையும் ஒரே மூச்சில் சபித்த சமூகம் நம்முடையது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஆமை அதிர்ஷ்டப் பொருளாகி வரவேற்பறைக்கு வந்துவிட்டது. வாஸ்து நூல்களும் சீனத்து நம்பிக்கைகளும் சேர்ந்து செய்த வேலை இது. பழமொழியின் பின்பாதியை நாம் அன்று மாணவரிடம் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னோம். அதற்குப் பிறகு வருகிறோம்.

அன்று வீடு திரும்பும்போது நம் மனத்தில் நின்றது ஒரு கேள்வி. ஆமைக்கு மனிதன் வீடு கட்டுவது எப்போது தொடங்கியது? வீட்டை முதுகில் சுமந்து திரியும் உயிர் என்றுதானே குழந்தைகளுக்குச் சொல்கிறோம்? அங்கேயே தவறு தொடங்குகிறது என்று தோன்றுகிறது. நத்தைக்கு ஓடு வெளியே சுரந்த சுவர். ஆமைக்கு அப்படியன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் பரந்து இணைந்ததே அதன் மேலோடு. அதை விட்டு ஆமை வெளியே வர முடியாது, நாம் நம் விலாவை விட்டு வர முடியாததைப் போலவே. வள்ளுவர் ஐம்பொறி அடக்கத்திற்கு ஆமையை உவமையாக்கியபோது உறுப்புகளை உள்ளிழுத்தலைத்தான் சொன்னார். வீட்டிற்குள் போவதைச் சொல்லவில்லை. ஓடு ஆமையின் உடம்பு. அதன் வீடு வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்பதற்குப் பழைய விடை நெய்தல் பாடல் ஒன்றில் உண்டு. மாணவர் நினைவூட்டிய பாட்டு அதுதான்; அகநானூற்றின் 160ஆம் பாடல், குமிழிஞாழலார் நப்பசலையார் பாடியது. கழிக்கரையில் அடும்பங்கொடி சிதைய மணலைத் தோண்டி, வெண்மணல் மேட்டில் சூல்முதிர்ந்த ஆமை முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. யானைக் கொம்பில் கடைந்த வட்டைப் போன்ற அந்த முட்டைகளைக் குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காத்துக் கிடக்கிறது. புலவர் கண்ட காட்சியில் முதற்பாதி முற்றிலும் உண்மை. அடும்பு படரும் மேட்டுமணலே கடலாமை தேர்ந்தெடுக்கும் இடம். பின்பாதி உண்மையன்று. கடலாமை இனம் எதிலும் ஆண் கரையேறி முட்டையைக் காப்பதில்லை. தாயும் மணலைத் தூர்த்துவிட்டு அன்றிரவே கடலுக்குப் போய்விடும். தலைவனின் அன்பைச் சொல்ல வந்த இடத்தில் இயற்கை ஒத்துழைக்காதபோது புலவர் இயற்கையைச் சற்றே திருத்திக்கொண்டார் என்று வகுப்பில் சொல்வது நம் வழக்கம். அந்தத் திருத்தம் எத்தனையோ நூற்றாண்டு கழித்துச் சென்னைக் கடற்கரையில் வேறுவகையில் மெய்யானதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

சங்கப் பாடல்கள் ஆமையை உண்ணவும் செய்தன. பட்டினப்பாலையின் பரதவர் வயலாமையைப் புழுக்கித் தின்கிறார்கள். குறுந்தொகையும் ஐங்குறுநூறும் தாய்முகம் நோக்கி வளரும் ஆமைக்குஞ்சைப் பேசுகின்றன. உணவு, உவமை, பாசம் எல்லாம் உண்டு. நாம் படித்த அளவில் கூண்டு மட்டும் இல்லை. பிற்காலத் தமிழ் வாழ்வில் ஆமைக்கென்று மனிதன் ஒதுக்கிய முதல் இடமாக நமக்குப் படுவது கிணறு. காராமையையோ பாலாமையையோ பிடித்துவந்து வீட்டுக் கிணற்றில் விடும் வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களில் இருந்தது. புழுப்பூச்சியைத் தின்று தண்ணீரைத் தூய்மையாக வைக்கும் என்பது நம்பிக்கை. வாசல்வழி வந்தால் கேடு, கிணற்றுக்குள் இருந்தால் நன்மை! பழமொழிக்கும் பழக்கத்திற்கும் இடையே இப்படி ஓர் உடன்பாடு இருந்திருக்கிறது. ஆனால் கரையேறி வெயில்காய வழியில்லாத கிணறு, ஆமைக்கு ஆயுள் தண்டனை.

கிணற்றைவிடக் கொடிய வீடு ஒன்று கடல்வழி வந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்தியப் பெருங்கடலைக் கடந்த ஐரோப்பியக் கப்பல்கள் மொரிசியசு, ரொட்ரிக்சு, சீசெல்சுத் தீவுகளில் பேராமைகளை வாரி ஏற்றின. உணவும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் விலங்கு என்பதால், கப்பலின் அடித்தளத்தில் மல்லாத்தி அடுக்கி வைத்தால் போதும். வேண்டும்போது புதிய இறைச்சி. உப்புக்கண்டத்தைத் தின்று அலுத்த மாலுமிக்கு அது நடமாடும் பண்டசாலை. மொரிசியசிலும் ரொட்ரிக்சிலும் வாழ்ந்த பேராமை இனங்கள் பூண்டோடு அழிந்தன. பசிபிக்கில் கலாபகசுத் தீவுகளிலும் இதே கதை. 1835இல் அங்குச் சென்ற டார்வினே ஆமையிறைச்சி உண்டதை எழுதியிருக்கிறார்.

அடித்தளத்திலிருந்து தப்பித் தோட்டத்திற்கு வந்தவையும் சில உண்டு. கல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006 மார்ச்சில் இறந்த அத்வைதா என்னும் அல்டாப்ராப் பேராமை அவற்றுள் புகழ்பெற்றது. சீசெல்சிலிருந்து வந்த மாலுமிகள் இராபர்ட் கிளைவுக்குக் கொடுத்தது, பாரக்பூர்த் தோட்டத்தில் வளர்ந்தது, 1870களில் அலிப்பூருக்கு வந்தது, வயது இருநூற்றைம்பது என்பவை செவிவழிச் செய்திகள். கிளைவ் எழுத்தராக முதலில் வந்திறங்கியது 1744இல் நம் சென்னையில். அவருக்குக் கொடுத்த கதை மெய்யானால், கும்பினிக் காலத்தின் தொடக்கத்தைப் பார்த்த கண்கள் மன்மோகன் சிங் ஆட்சிக்காலம்வரை இமைத்திருக்கின்றன. மெய்யில்லாவிட்டாலும் அந்த விலங்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரே வேலிக்குள் நடந்தது என்பதில் ஐயமில்லை.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் இருந்த கில்பர்ட் ஒயிட் பாதிரியார் வேறுமாதிரி. 1780இல் தம் அத்தை வளர்த்த ஆமையைத் தம் தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். தெமத்தி என்று பெயர். அவர் அதற்கு வீடு எதுவும் கட்டவில்லை. குளிர் தொடங்கும்போது அது தானே மண்ணைத் தோண்டிப் புதைந்துகொண்டதையும், வசந்தத்தில் வெளிவந்ததையும், வெயிலுக்கேற்ப எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதையும் குறித்துக்கொண்டே இருந்தார். ஒயிட் 1793இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஆமையும் இறந்தது. ஓட்டை ஆராய்ந்த பிறகுதான் தெமத்தி பெண் என்று தெரிந்தது. ஆமை வளர்ப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் ஒயிட்டின் குறிப்புகளே நமக்கு இன்றும் பிடித்தவை. கட்டுவதற்குமுன் பார்க்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சென்னைக்கு வருவோம். விலங்கைக் கூண்டிலிட்டு மக்களுக்குக் காட்டும் ஏற்பாடு இங்கே எட்வர்டு பால்ஃபரால் வந்தது. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அவர். உயிரற்ற பாடம்செய்த உடல்களைவிட உயிருள்ளவற்றைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று கண்டு, 1855 வாக்கில் அருங்காட்சியகத்திலேயே சிறு விலங்குக்காட்சியை அமைத்தார். பின்னர் 1863இல் அது சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மக்கள் பூங்காவிற்குப் போனது. அதே பூங்கா நிலத்தின் ஒரு பகுதியில் நூற்றாண்டின் முடிவில் எழுந்ததுதான் மூர் மார்க்கெட். பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்த தலைமுறைக்கு, புத்தகக்கடை வரிசைக்கு அப்பால் கிளிக்கூண்டும் முயல்கூடையும் மீன்தொட்டியும் நினைவிருக்கும். ஒரு பக்கம் பார்ப்பதற்கு விலங்கு, மறுபக்கம் வாங்குவதற்கு விலங்கு. இரண்டும் 1985இல் முடிந்தன. மூர் மார்க்கெட் மே மாதம் எரிந்தது. விலங்குக்காட்சி வண்டலூருக்குப் போய்விட்டது. வாங்கும் ஆசை மட்டும் எரியவில்லை. வடசென்னையில் அது கொளத்தூர் அலங்கார மீன் கடைகளுக்கும் பிராட்வே ஞாயிற்றுச் சந்தைக்கும் இடம்பெயர்ந்தது.

கண்ணாடித் தொட்டி ஆமைக்கு வீடானது இந்த மீன்கடை வழியாகத்தான். மீனுக்குக் கண்ணாடி பொருந்தும். அதைப் பார்த்துப் பழகிய கண், ஆமையையும் அதே தொட்டியில் வைத்தது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமைக்குஞ்சுகள் நாணயம்போல உலகெங்கும் விற்றன. குழந்தைகளுக்கு அவற்றிலிருந்து சால்மொனெல்லாத் தொற்று பரவியதால், 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தன் நாட்டுக்குள் தடைசெய்தது. ஏற்றுமதியைத் தடைசெய்யவில்லை. தன் பிள்ளைக்கு ஆகாதது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகும்போலும். காசளவுக் குஞ்சு சில ஆண்டுகளில் தட்டளவு வளர்ந்து தொட்டியில் அடங்காமல் போகும்போது குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடுவார்கள். உள்ளூர்ப் பாலாமையின் இடத்தை அது பிடிக்கும்.

மாணவர் வீட்டிலிருந்தது செங்காது ஆமையன்று, கட்டாமை. நட்சத்திர ஆமை என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான். தமிழகம், ஆந்திரம், கருநாடகத்தின் வறண்ட புதர்க்காடுகள், வடமேற்கே குசராத்து, இராசத்தானம், தெற்கே இலங்கை இவற்றின் பிள்ளை. தண்ணீரில் வாழ்வதன்று. ஆந்திரத்தில் ஸ்ரீகூர்மம் கோயிலில் கூர்மாவதாரத்தின் பெயரால் பக்தர்கள் விட்ட கட்டாமைகள் வளாகத்திலேயே வாழ்கின்றன. ஆனால் இவ்வினம் மிகுதியாகப் பிடிபடுவது அயல்நாட்டு வரவேற்பறைகளுக்காக. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்தைச் சுற்றி மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 கட்டாமைகள் பிடிக்கப்பட்டதாகக் கணித்தது. சென்னை வானூர்தி நிலையத்தில் பயணப் பெட்டிக்குள் காலுறையில் சுற்றி, நாடாவால் கட்டி, துணிகளுக்கிடையே அடுக்கிய கட்டாமைகளைச் சுங்கத்துறை பிடித்த செய்தி நமக்குப் பழகிப்போன ஒன்று. பேராமையை மல்லாத்தி அடுக்கிய கப்பலின் அடித்தளம் சுருங்கிப் பயணப் பெட்டியாயிற்று.

பன்னாட்டு வணிக உடன்படிக்கை 2019இல் கட்டாமையை முதல் பட்டியலில் சேர்த்தது. நம் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முன்பு நான்காம் பட்டியலில் இருந்தது; 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி முதல் பட்டியலில் இருக்கிறது, புலியோடும் யானையோடும். குறைந்தது மூன்றாண்டுச் சிறை. தச்சர் தேநீர் குடிக்கக் கீழே போன நேரத்தில், கட்டாமை புகுந்த வீட்டுக்கு அமீனாவும் வரக்கூடும் என்று மாணவரிடம் சொன்னோம். அவர் முகம் வெளுத்தது. அவருடைய ஏழு வயது மகள் தொட்டிக்குள் ஒரு முட்டைக்கோசு இலையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நல்ல பெட்டி. ஊர்வனவற்றைப் பேணுவோர் சொல்லக் கேட்டு மாணவர் நிறையவே தெரிந்து வைத்திருந்தார். சுவர் ஒளிபுகாததாக இருக்க வேண்டும். கண்ணாடி ஒரு தடை என்பது ஆமைக்கு விளங்காது, அப்பால் தெரியும் வெளியை நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். பிறாண்டலின் காரணம் இடச்சிறுமை மட்டுமன்று. தன் உடம்பிற்குத் தானே சூடு உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர் என்பதால் ஒரு முனையில் விளக்கால் வெப்பம், மறுமுனையில் நிழலும் மறைவிடமும் வேண்டும். ஆமை நடந்து நடந்து தனக்கான சூட்டைத் தானே தேடிக்கொள்ளும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் புறஊதாக் கதிரின் தேவையான பகுதி வடிகட்டப்பட்டுவிடும்; அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது, ஓடு மெத்தென்றாகும். ஆகவே தனி விளக்கு. அடியில் அரையடி மண், புதைந்துகொள்ள. ஐந்தடிப் பெட்டிக்குள் ஒரு புதர்க்காட்டின் காலையையும் நண்பகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முயற்சி அது. கடற்காற்றின் ஈரமும் மேமாத மின்வெட்டும் சேர்ந்த இராயபுரத்து மாடியில் அது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது வேறு. வறண்ட நிலத்து ஆமைக்கு ஓயாத ஈரம் நுரையீரல் நோயைக் கொண்டுவரும்.

கீழே இறங்கி எண்ணூர் விரைவுச்சாலையில் நின்றபோது, எதிரே கடலைப் பார்க்க முடியாதபடி பாறைச்சுவர். இந்தச் சுவரும் ஆமையின் வீட்டு வரலாற்றில் சேரும். சென்னைத் துறைமுகத்தின் கற்கரங்களைக் கட்டத் தொடங்கியது 1870களில். 1881 புயல் அவற்றை நொறுக்கியது; மீண்டும் கட்டினார்கள். நம் கரையோரம் மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. கற்கரம் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர் தெருக்கள் போயின. மிச்சத்தைக் காக்கப் பாறை கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கல்தடுப்புகள். அவற்றுக்கும் வடக்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. மெரினாவின் அழகைப் பாடும் எவரும் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று எழுதுவதில்லை. நமக்கு அதில் வருத்தம் உண்டு.

பங்குனியை ஒட்டி வருவதால் பங்குனி ஆமை என்று சென்னைக் கடற்கரை மீனவர் பெயரிட்ட சிற்றாமைக்கு, முட்டையிட மேட்டுமணல் வேண்டும். பாறைமேல் ஏற அதற்குக் கால் இல்லை, துடுப்புத்தான் உண்டு. அகநானூற்று அடும்பங்கொடி மேடு இந்தக் கரையின் பெரும்பகுதியில் இன்று கருங்கல்.

மணல் எஞ்சிய தென்பகுதியில் நப்பசலையாரின் திருத்தம் மெய்யானது. 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணை நண்பர்களும் இரவில் கடற்கரை நெடுக நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். நாய்க்கும் நரிக்கும் முட்டை விற்பவர்க்கும் முன்னே போய்ச் சேர வேண்டும். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னர் நாட்டின் கடற்கரைகளையெல்லாம் ஆமைக்காகவே நடந்து அளந்தார். 1988இல் கல்லூரி மாணவர்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்; பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கத்தில் சனவரி முதல் அந்த நடை இன்றும் நடக்கிறது. எடுத்த முட்டைகளைச் சில மணி நேரத்திற்குள், புரட்டாமல், வேலியிட்ட மணற்பரப்பில் தாய் தோண்டிய அதே குடுவை வடிவக் குழியில், ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட முட்டை ஒரு குழியில். நாற்பத்தைந்து நாளுக்குமேல் ஆகும். மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது; சூடு கூடினால் பெண். அதனால் வேலிக்குமேல் ஓலை நிழல் எவ்வளவு என்பதுகூட அற்பமான கேள்வியன்று. குஞ்சு வெளிவந்த இரவே கடலுக்கு அனுப்பிவிட்டு, பருவம் முடிந்ததும் வேலியைப் பிரித்துவிடுவார்கள். நாம் அறிந்தவற்றுள் ஆமைக்கு மனிதன் கட்டிய வீடுகளில் இது ஒன்றுதான் காலி செய்வதற்காகவே கட்டப்படுவது.

அதுவும் போதவில்லை. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுவிட மேலெழ முடியாமல் மூழ்கியவை என்றார்கள். காசிமேட்டிலும் எண்ணூரிலும் பாறைகளுக்கிடையே ஊதிக் கிடந்தவற்றை நாம் கண்ணால் பார்த்தோம். தச்சரிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "வலையில ஆமை ஏறினா எங்களுக்கும் நட்டந்தான் சார், வலை கிழியும்" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் இழைத்துக்கொண்டிருந்தார்.

மாணவர் ஒரு வாரம் யோசித்தார். காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்டார். எந்தக் காட்டில் பிடித்தது என்று தெரியாத ஆமையை ஏதோ ஒரு காட்டில் விடக்கூடாது. வடமேற்கு, தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களின் ஆமைகள் மரபணுவில் வேறுபட்டவை. வீட்டில் ஒட்டிய நோயும் உடன் போகும். சிங்கப்பூரில் பறிமுதலான 51 கட்டாமைகளை 2018இல் பெங்களூருக்குத் திருப்பிக் கொண்டுவந்ததே பெரிய ஏற்பாடாக இருந்தது. பெரும்பாலான பறிமுதல் ஆமைகளுக்குக் காடு திரும்புதல் எளிதில் வாய்ப்பதில்லை. வேலிக்குள்தான் எஞ்சிய காலம்.

கடைசியில் மகளையும் அழைத்துக்கொண்டு வனத்துறையினரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நாமும் உடன் போனோம். எடை போட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். முட்டைக்கோசும் சோறும் என்றாள் சிறுமி. திரும்பும்போது, அங்கே அதற்குப் பெட்டி இருக்குமா என்று கேட்டாள். மண் இருக்கும் என்றோம்.

தச்சரின் பெட்டி வீணாகவில்லை. அரையடி மண்ணை ஏற்கெனவே கொட்டியாயிற்று. விளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாடத்தில் வெயில்படும் பக்கம் வைத்து வெந்தயம் விதைத்தார்கள். அடுத்த முறை போனபோது ஒரு கட்டுக் கீரையைப் பறித்து நமக்கும் கொடுத்தார்கள்.